இருபதாம் தெருவுக்கு வராத மெஷின்

ஆகஸ்ட் 26, சனி

இந்த டைரி வடிவுடையது. மருந்துக் கம்பெனிக்காரர் புது வருசத்துக்குக் கொடுத்தது. அவள் இதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. எஸ்தர் சிஸ்டர்தான் சொன்னார்கள்: "பூலம்மாக்கா, வார்டுல நின்னு அழாதீங்க. பேஷண்டு பயப்படுதாக. வீட்டுல உக்காந்து எதையாச்சும் எழுதுங்க." நான் ஆறாப்புதான். பிழை வரும். வந்தால் வரட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

வடிவு என் மகள். சண்முகவடிவு. ஜூலை 29 காலையில் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனாள். வயது இருபத்து நாலு. இதை ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் வேலை. நான் ஐசியுவில் துடைக்கிறவள், பத்து வருசமாக. அவள் டிப்ளமா முடித்து சிஸ்டம் ரூமுக்கு வந்து மூன்று வருசம். நான் துடைக்கிற மெஷின்களுக்கெல்லாம் நம்பர் கொடுக்கிறதுதான் அவள் வேலை. ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதில் பன்னிரண்டு எழுத்து. முதல் ஆறு, அதைச் செய்த கம்பெனிக்கு உள்ளது. பின் ஆறு, அந்த மெஷினுக்கு மட்டும் உள்ளது. ஒயரைச் சொருகியதும் மெஷின், "எனக்கு என்ன நம்பர்?" என்று கேட்குமாம். வடிவின் கம்ப்யூட்டர் முதல் ஆறு எழுத்தைப் பார்த்து, நீ இந்தக் கம்பெனியா, அப்போ இந்தத் தெருவுக்குப் போ என்று ஒரு நம்பர் கொடுக்கும். தெரு என்று எனக்காகச் சொன்னாள். பெட் மானிட்டர் கம்பெனி இருபதாம் தெரு. மருந்து ஏற்றுகிற பம்பு முப்பது. கேமரா நாற்பது. யாரென்று தெரியாத கம்பெனியெல்லாம் தொண்ணூறு. சிஸ்டர்கள் மேசையில் இருக்கிற பெரிய ஸ்கிரீன் இருபதாம் தெருவை மட்டும்தான் பார்க்கும். அங்கே இருக்கிற நோயாளிக்கு ஒன்று என்றால் மேசையில் மணி அடிக்கும்.

ஸ்டிக்கரை நோட்டில் எழுதுகிறது என் வேலை. கட்டில்களுக்குப் பின்னால் தினமும் குனிகிறவள் நான்தானே. எனக்கு இங்கிலீசில் ஆறு எழுத்துதான் தெரியும், ஏயிலிருந்து எஃப் வரை. "அதுக்கு மேல இந்த நம்பர்ல வரவே வராதும்மா, நீ பாஸ்" என்பாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் அவள் எழுதியிருக்கிறாள்: ரிப்பேருக்குப் போய்வந்த மெஷினின் ஸ்டிக்கரை அம்மா திரும்பப் பார்க்கணும். மாறியிருந்தால் உடனே சொல்லணும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

முப்பதாம் நாள். லீவு கேட்கவில்லை.

ஏழாம் நம்பர் பெட் மானிட்டர் ரிப்பேரிலிருந்து வந்தது. ஒரு மாதம் கழித்து. துடைத்து மாட்டினேன். பின்னால் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் அடிபம்பில் அடித்தேன். வேலை முடிந்து வந்து அரிசி பொங்கினேன், பாதி மீந்தது. இன்னும் இரண்டு பேருக்கு அளக்கிறது கை.

வடிவின் போனுக்கு சார்ஜ் போட்டேன். தினமும் இடுப்புப் பையில் எடுத்துப் போகிறேன். யாரும் கூப்பிடுவதற்காக இல்லை.

செப்டம்பர் 2, சனி

இன்று நடந்ததை எழுதுகிறேன்.

ஏழாம் நம்பர், மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. நேற்று அதில் ஒருவரைச் சேர்த்தார்கள். வேலுச்சாமி, விளாத்திகுளம் பக்கம். நிமோனியா. இன்று மத்தியானம் இரண்டு மணி, சிஸ்டர்கள் டூட்டி மாறுகிற நேரம். நான் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். உள்ளே மெஷின் சிவப்பு சிவப்பாக அடிக்கிறது. சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், வெளியே கேட்கவில்லை. அவர் உதடு நீலம். நகம் நீலம்.

நான் கத்தினேன். எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்தார்கள். டாக்டர் வந்தார். நெஞ்சில் அமுக்கினார்கள். குழாய் விட்டார்கள். உயிர் வந்தது. கண் திறக்கவில்லை.

மேசை மணி அடிக்கவே இல்லை. பெரிய ஸ்கிரீனில் ஏழாம் கட்டம் காலியாக இருந்தது. ஒரு மாதமாக மெஷின் இல்லாமல் காலியாகவே பார்த்த கட்டம். யாருக்கும் கண்ணில் உறுத்தவில்லை.

டாக்டர் கேட்டார், "எவ்வளவு நேரமா இப்படி?" எஸ்தர் சிஸ்டர் பெரிய ஸ்கிரீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

சாப்பிடவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

எஸ்தர் சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், விசாரணை முடிகிற வரை.

சிஸ்டம் ரூமுக்கு மதுரையிலிருந்து ரியாஸ் என்று ஒருவர் வந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும். ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நான் தரை துடைத்துக்கொண்டே நின்றேன். மேனேஜர் துரைப்பாண்டியன் சார் பக்கத்தில் நின்றார்.

"சார், ஏழாம் நம்பருக்குத் தொண்ணூறு சீரிஸ்ல அட்ரஸ் விழுந்திருக்கு. அதான் ஸ்கிரீன் அதைப் பாக்கல. மெஷினோட கம்பெனியை வச்சு இடம் பிரிச்சிருக்காங்க. இந்த மெஷினை எந்தக் கம்பெனின்னு அதுக்குத் தெரியல."

"யாரு அப்படிப் பண்ணி வச்சது?"

"முன்னாடி இருந்தவங்கதான். நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க, ஆனா…"

"ஆனாவெல்லாம் வேண்டாம் தம்பி. செட்டிங் தப்பு. அவ்வளவுதானே?"

மாப்பைப் பிழிந்தேன். தண்ணீர் கறுப்பாக வந்தது. பிழிந்துகொண்டே இருந்தேன்.

ரியாஸ் ஏழாம் நம்பரை மட்டும் கையால் இருபதாம் தெருவுக்கு மாற்றினார். கட்டத்தில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. பிறகு சொன்னார்: "இன்னொன்னு சார். வடிவுன்னு ஒரு போன் தினம் காலையில ஆறரைக்கு நம்ம வைஃபைக்குள்ள வருது, ரெண்டரைக்குப் போயிருது. யாரோடது?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 7, வியாழன்

வேலுச்சாமியின் சம்சாரம் பேர் அழகுத்தாய். ஐசியு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் கேன்டீனில் எனக்கு வாங்கும்போது அதற்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறேன், மூன்று நாளாக.

"நீதான் கத்துனியாமே யக்கா. நீ கத்தலன்னா இந்நேரம் எங்க வீட்டுக்காரகளக் கொண்டுபோயிருப்போம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. காட்டு வேலை செய்த கை, சொரசொர என்று.

நான் கையை எடுத்துக்கொண்டேன். டெட்டால் நாறும் என்று சொன்னேன்.

"செத்துப்போன பிள்ள ஒண்ணு ஏதோ தப்பாச் செஞ்சு வச்சிட்டுப் போயிருச்சாமே. ஆபீசுல சொன்னாக. போனவள ஏச வாய் வரல. ஆனா நெஞ்சு எரியுதுல்ல, யக்கா. அந்தப் பிள்ளைக்கி என்ன அவசரமோ, சரியாப் பாக்காமப் போட்டுருக்கா."

அந்தப் பிள்ளை என் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. டீ டம்ளரை வாங்கிக்கொண்டு வந்தேன். டம்ளரை மூன்று தடவை கழுவினேன்.

செப்டம்பர் 9, சனி

மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பத்து வருசத்தில் முதல் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பூலம்மா, உன் மக நல்ல பொண்ணு. எனக்குத் தெரியாததா? ஆனா ரிப்போர்ட்னு ஒண்ணு எழுதணும். எஸ்தர் மேல எழுதினா அந்தப் பிள்ளை வாழ்க்கை போச்சு, வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் எடுக்க மாட்டான். ரெண்டு கைக்குழந்தை. உன் மக மேல எழுதினா… அதை யாரு வந்து கேக்கப் போறாக? நீ மனசுல வச்சுக்கிறாத."

நான் தலையை ஆட்டினேனா இல்லையா, தெரியவில்லை.

"அவ நோட்டு, பேப்பர்னு ஏதாச்சும் எழுதி வச்சிருக்காளா? ரியாஸ் கேக்கிறான். திங்கக்கிழமை ரிப்போர்ட் போகணும். அப்புறம் அவ போட்ட செட்டிங் மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடப் போறோம்."

"இல்ல சார்" என்றேன்.

நோட்டு என் லாக்கரில் இருக்கிறது. சேலைக்கு அடியில்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஆகஸ்ட் 28 அன்று பின்னால் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

பார்த்தேன். பத்து வருசமாகக் குனிகிற முதுகு, அது பாட்டுக்குக் குனிந்தது. நம் மானிட்டர் எல்லாம் இரண்டு சைபரில் ஆரம்பிக்கும். இது ஏயில் ஆரம்பித்தது. புது ஸ்டிக்கர், பளபள என்று. பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசை பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எதையோ மாற்றிவிட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது.

லாக்கருக்குப் போய் நோட்டைத் திறந்தேன். கடைசியாக எழுதியிருந்த பக்கம். ஜூலை 28 அன்று எனக்கு விரலில் கட்டு, அதனால் வடிவே எழுதினாள். "7-ம் பெட், ரிப்பேருக்குப் போகிறது. வந்ததும் அம்மா பார்க்கணும்." அதுதான் அவள் எழுதிய கடைசி வரி. அதற்குக் கீழே பக்கம் முழுவதும் வெள்ளை.

பேனாவைத் திறந்தேன். அதற்குக் கீழே என் கையால் ஒரு வரி எழுதினால் அது கடைசி வரியாக இருக்காது. மூடி வைத்துவிட்டேன்.

எஸ்தர் சிஸ்டரிடம் வாயால் சொல்லியிருக்கலாம். அவர்கள் நாலு அடி தூரத்தில்தான் நின்றார்கள். சொன்னால் நோட்டைக் கேட்பார்கள், எழுதச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏழாம் நம்பரில் அப்போது யாரும் இல்லை. வெறும் கட்டில்.

வேலுச்சாமி வந்த அன்று எனக்கு வார லீவு. மறுநாள் காலையில் வந்து பார்த்தேன். அன்றும் நாளைக்கு என்று நினைத்தேன்.

நோட்டைக் காட்டினால் வடிவு மேல் தப்பில்லை. நோட்டைக் காட்டினால் நான்.

செப்டம்பர் 11, திங்கள்

ரிப்போர்ட் இன்று போகவில்லை. பெரிய டாக்டர் ஊரில் இல்லை, நாளை கையெழுத்து. ஒரு நாள் கிடைத்தது. எதற்குக் கிடைத்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலை பத்தரை மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து ஒரு பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தை பிறந்த கையோடு வலிப்பு வந்துவிட்டது. இருபது வயதுகூட இராது. கையில் வளைகாப்பு வளையல் இன்னும் கிடந்தது. மூன்றாம் நம்பர் பெட். அந்த பெட் மானிட்டரும் போன வாரம் ரிப்பேருக்குப் போய் இன்று காலையில்தான் வந்திருந்தது. ஏழாம் நம்பரைச் சரிசெய்த அதே ரிப்பேர் ஆளிடம்.

மாட்டினார்கள். பெட் பக்கத்தில் கோடு ஓடியது. மேசை ஸ்கிரீனில் மூன்றாம் கட்டம் காலி.

புது சிஸ்டர் பெனிட்டா எட்டிப் பார்த்தது. "இப்பத்தான மாட்டுனோம், ஏறிரும்" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனது.

நான் துணியை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பருக்குப் பின்னால் குனிந்தேன். புது ஸ்டிக்கர். ஏயில் ஆரம்பித்தது. சுரண்டிய பசை.

எழுந்தேன். மேசையைப் பார்த்தேன். கட்டம் காலி. அந்தப் பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தது. வளையல் கட்டில் கம்பியில் உரசி டிங் டிங் என்று கேட்டது. வெளியே அவள் அம்மா கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். அதே கண்ணாடியைத்தான் அரைமணி முன்னால் துடைத்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று மனம் சொல்லியது. சத்தியமாகச் சொல்லியது. எழுதுகிறேன், எழுதாமல் விட்டால் இதுவும் பொய்.

"பெனிட்டா சிஸ்டர்" என்றேன். "அது ஏறாது."

"என்னக்கா?"

"அது ஏறாது சிஸ்டர். கம்பெனி மாறிப்போச்சு. தொண்ணூறாம் தெருவுக்குப் போயிருக்கும். நீங்க இந்தப் பிள்ளைய விட்டு நகராதீங்க. ஒரு அடி நகராதீங்க. நான் அந்தத் தம்பியக் கூட்டிட்டு வாரேன்."

அது சிரிக்கப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்ததும் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் வந்து நின்றது.

நான் ஓடினேன். ஐசியுவில் செருப்போடு ஓடக்கூடாது. ஓடினேன்.

ரியாஸ் தட்டிப் பார்த்தார். "தொண்ணூறுலதான் இருக்கு" என்றார். குரல் மாறிவிட்டது. ஒரு நிமிசத்தில் கையால் மாற்றினார். நாங்கள் திரும்பி வரும்போதே மேசை மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் கட்டம் மஞ்சளாக மின்னியது. பிள்ளைக்கு மறுபடி இழுத்தது. பெனிட்டா பக்கத்திலேயே இருந்ததால் உடனே திருப்பிப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். சரியாகிவிட்டது.

ரியாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, தொண்ணூறாம் தெருன்னு சொன்னீங்களாம். அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

நான் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தேன். அதன் பின்னால் ஒட்டியிருந்த வடிவு என்ற பேரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து அவர் நாற்காலியை எனக்குப் போட்டார்.

"நோட்டு ஒண்ணு இருக்கு தம்பி" என்றேன்.

செப்டம்பர் 13, புதன்

மேனேஜர் அறையில் ஐந்து பேர். எஸ்தர் சிஸ்டரையும் வரச்சொல்லியிருந்தார்கள். ரியாஸ் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"சார், பழைய எழுத்து இங்க இருக்கு, ஏழாம் நம்பர், மூணாம் நம்பர் ரெண்டும். இப்ப மெஷின்ல இருக்கறது வேற. ரிப்பேர் ஆளு உள்ள நெட்வொர்க் போர்டையே வேற கம்பெனியோடதா மாத்தியிருக்கான். பில்லுல சர்வீஸ்னு மட்டும் எழுதியிருக்கான். இப்படி ஒருநாள் நடக்கும்னு அந்தப் பொண்ணு யோசிச்சு, மொதப் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கு பாருங்க."

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அம்மா பார்க்கணும்" என்ற இடத்தில் நின்றார். நிமிர்ந்தார்.

"பூலம்மா, நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எப்போ?"

"வந்த அன்னைக்கே. ஆகஸ்ட் இருபத்தெட்டு."

ரியாஸ் நோட்டை மெதுவாக மூடினார். அவருக்கு அது தெரியாது. வடிவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துப் படித்தார், பாவம்.

வெளியே வராந்தாவில் எஸ்தர் சிஸ்டர் என்னை நிறுத்தினார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பத்து நாளு என் பிள்ளையத் தூக்கவே கை வரலக்கா. மனுசனக் கொன்னுட்டேனோன்னு. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"எழுதுங்கன்னு நாந்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

செப்டம்பர் 14, வியாழன்

என்னை ஐசியுவிலிருந்து எடுத்துச் சலவைப் பகுதிக்குப் போட்டுவிட்டார்கள். வேலையை விட்டே அனுப்புவதைப் பற்றிப் பெரிய டாக்டர் முடிவு செய்வாராம். ரிப்பேர் ஆள் மேல் போலீசுக்கு எழுதியிருக்கிறார்கள். எஸ்தர் சிஸ்டர் நாளைக்கு டூட்டிக்கு வருகிறார்கள், ஸ்கிரீனை ஏன் பார்க்கவில்லை என்று ஒரு மெமோவோடு. வடிவு பேர் ரிப்போர்ட்டில் இல்லை.

காலையில் வழக்கம்போல இரண்டு டீ வாங்கினேன். அழகுத்தாய் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை என் மகள் என்பதிலிருந்து ஆரம்பித்து.

அது கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டது. "உனக்குத் தெரிஞ்சே இருந்துச்சா?"

"தெரிஞ்சே இருந்துச்சு."

முந்தானையை உதறி எழுந்து, பாயைச் சுருட்டி, வராந்தாவின் அடுத்த மூலையில் போய் விரித்தது. டீ டம்ளர் அங்கேயே இருந்தது. மத்தியானம் துணி மூட்டை தூக்கிக்கொண்டு போகும்போது பார்த்தேன். டீ மேலே ஆடை கட்டியிருந்தது.

செப்டம்பர் 17, ஞாயிறு

நேற்று வேலுச்சாமி கண் திறந்தாராம். சம்சாரத்தைப் பார்த்தாராம். அடையாளம் தெரிந்ததா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெனிட்டா சலவைப் பகுதிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ரியாஸ் வந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "செட்டிங்கை அழிக்கலம்மா. அவங்க போட்டபடியே இருக்கட்டும். இப்ப ஒண்ணு சேத்திருக்கேன். தொண்ணூறுக்கு ஐசியு மெஷின் எது போனாலும் மேசையில மணி அடிக்கும்." கொஞ்சம் நின்றார். "அந்தப் போன் காலையில ஆறரைக்கு வருதுல்ல, அதை லிஸ்ட்ல இருந்து எடுக்கல."

"சரி தம்பி" என்றேன்.

"நோட்டு மட்டும் பாக்கி இருக்கு. ரெண்டு மெஷின் எழுதணும், புது எழுத்து இந்தச் சீட்டுல இருக்கு. நான் எழுதட்டுமா?"

"வேண்டாம். அது என் வேலை."

வீட்டுக்கு வந்து கை கழுவி ஈரம் போகத் துடைத்தேன். நோட்டைத் திறந்தேன். அவள் எழுத்து சாய்ந்து சாய்ந்து போகும், அவசரக்காரி. "வந்ததும் அம்மா பார்க்கணும்." அதற்குக் கீழே ஒரு வரிகூட இடம் விடாமல் எழுதினேன்.

7-ம் பெட். ஆகஸ்ட் 28 வந்தது. அம்மா பார்த்தேன். மாறியிருந்தது.

பிறகு அந்தப் பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினேன்.